வீணைக் கையோடு கிட்டார்: மடிப்பாக்கத்தில் ஒரு தொடக்கம்

கிட்டார், மேண்டலின் போன்ற கம்பிக் கருவிகளைச் சரிசெய்து கொடுப்பது என் தொழில். இந்தப் பதிவில் வரும் பெண்ணின் கிட்டார் என் மேசைக்கு வந்தபோதுதான் அவர் அறிமுகம். அவரும் அவருடைய ஆசிரியரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் விடாமல் எழுதி வந்த பயிற்சி நோட்டு பெரிய உதவியாக இருந்தது.

பின்னணி

வயது 41. வீடு மடிப்பாக்கம், வேலை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில். சிறுவயதில் ஆறு வருடம் வீணை கற்றவர். கல்லூரிக்குப் போனதும் விட்டுவிட்டார். வீணை அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டது. இங்கே வீட்டில் இருந்தது ஒரு கிட்டார். 2020 ஊரடங்கின்போது மகனுக்காக ஆன்லைனில் வாங்கியது. மகன் இரண்டு வாரம் தட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். உறையோடு பீரோ மேல் ஏறிய கிட்டார் மூன்று வருடம் அங்கேயே இருந்தது.

2023 ஜூனில் அவர் அதை இறக்கினார். என்ன வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளைத் தானே பாடி, தானே கிட்டாரும் வாசிக்க வேண்டும். சான்றிதழ் வேண்டாம், மேடை வேண்டாம். இந்தத் தெளிவு பின்னால் பல முடிவுகளைச் சுலபமாக்கியது. கற்க வருகிறவர்களில் பாதிப் பேரிடம் இது இருப்பதில்லை.

தனியாக, வீடியோவைப் பார்த்து

முதல் மூன்று வாரம் இலவச வீடியோக்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் நடத்தும் ‘ஜஸ்டின் கிட்டார்’ தளத்தைப் பார்த்து இ மைனர், ஏ மைனர், சி ஆகிய கார்டுகளை, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, பிடித்துப் பழகினார். தளத்தில் குறை ஒன்றும் இல்லை. படிப்படியாக, நிதானமாகச் சொல்லித்தருகிறது. இவருக்குத்தான் ஒன்றும் ஒலிக்கவில்லை. சி கார்டில் இரண்டு கம்பி கிர்ரென்றன, ஒன்று ஊமையாக இருந்தது. விரல் நுனிகள் சிவந்து கன்றிப் போயின. நோட்டில் அந்த வாரத்துக் குறிப்பு: “வயசு ஆயிடுச்சு போல. வீணையில இவ்ளோ வலிச்சதே இல்ல.”

தனியாகக் கற்பதால்தான் இப்படி என்று நினைத்து, ஓர் இணைய வகுப்பு நிறுவனத்தின் சோதனை வகுப்பில் சேர்ந்தார். அரைமணி நேரம் ஆசிரியர் நன்றாகவே பேசினார். அடுத்த நாள் விற்பனைப் பிரிவிலிருந்து போன் வந்தது. 48 வகுப்புக்கு 33,600 ரூபாய், மொத்தமாக முன்பணம், இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி. கட்டத் தயாராகத்தான் இருந்தார். அலுவலகத்தில் கூட வேலை செய்யும் ஒருவர், “அதுக்கு முன்னாடி கிட்டாரை ஒருதடவை காட்டிடுங்க மேடம், அது கோணலா இருந்தா எத்தனை கிளாஸ் போனாலும் வராது” என்று சொல்லி என்னிடம் அனுப்பினார்.

கருவியில் கண்டது

கழுத்தின் மேல் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃபிரெட். கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் உள்ள உயரத்தை ஆக்‌ஷன் என்கிறோம். 12-ஆம் ஃபிரெட்டில், தடித்த ஆறாவது கம்பியின் அடியில் சின்ன ஸ்கேலை வைத்து அளப்போம். எஃகுக் கம்பி போட்ட கிட்டாரில் 2 முதல் 2.5 மி.மீ. இருந்தால் வசதி. இதில் 3.8 மி.மீ. இருந்தது. கழுத்தும் கம்பிகளின் இழுப்பில் முன்பக்கம் வளைந்திருந்தது. அதைவிட மோசம், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட் என்ற துண்டில் கம்பி உட்காரும் பள்ளங்கள் போதிய ஆழம் இல்லை. மூன்றாம் ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தால் முதல் ஃபிரெட்டின் மேல் தாள் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். இதில் விசிட்டிங் கார்டே தாராளமாகப் போய்வந்தது. தொடக்கத்தில் கற்கும் கார்டுகள் எல்லாம் முதல் மூன்று ஃபிரெட்டுக்குள்தான் வருகின்றன. நட் உயரமாக இருந்தால் வலி விழுவதும் சரியாக அந்த இடத்தில்தான்.

கம்பிகளோ மூன்று வருடத் துரு. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் எஃகுக் கம்பி நாள் தாங்காது. அதிலும் துருவேறிய கம்பியில் விரலை நகர்த்துவது உப்புத்தாளில் தேய்ப்பது மாதிரி.

செய்த வேலை இவ்வளவுதான். கழுத்தினுள் ஓடும் இரும்புத் தண்டை இறுக்கி வளைவைக் குறைத்தேன். நட் பள்ளங்களை அரத்தால் இறக்கினேன். உடல் பக்கம் கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜில் செருகி, கம்பிகளைத் தாங்கும் சாடில் என்ற பட்டையை அடிப்பக்கத்தில் தேய்த்தேன். 12-ஆம் ஃபிரெட்டில் 1 மி.மீ. இறங்க வேண்டுமானால் சாடிலில் 2 மி.மீ. எடுக்க வேண்டும் என்பது கணக்கு. கழற்றிய கம்பிகள் 12-ஆம் எண் செட். அதற்குப் பதில் மெல்லிய 10-ஆம் எண் செட்டைப் போட்டேன். ஆக்‌ஷன் 2.4 மி.மீ.க்கு வந்தது. கம்பியும் கூலியும் சேர்த்து 1,400 ரூபாய்.

அங்கேயே உட்கார்ந்து சி கார்டைப் பிடித்துப் பார்த்தார். ஐந்து கம்பியும் ஒலித்தன. “அப்போ என் விரல் இல்லையா?” என்றார். விரலிலும் பிரச்சினை இருந்தது, ஆனால் அது வேறு. என் கண்ணில் பட்ட இரண்டு விஷயத்தை ஒரு சீட்டில் எழுதி, சேரப்போகும் ஆசிரியரிடம் காட்டச் சொன்னேன்.

யாரிடம் கற்பது

முன்பணம் கட்டும் எண்ணத்தை அவரே கைவிட்டார். காரணம் விலை இல்லை. அவர் கேட்ட ஒரே கேள்விக்கு அந்த நிறுவனத்திடம் பதில் இல்லை: சோதனை வகுப்பு எடுத்தவரேதான் கடைசிவரை எடுப்பாரா?

பிறகு மூன்று இடங்களைப் பார்த்தார். முதலாவது, தி. நகர்ப் பக்கம் ஒரு பள்ளி. டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளுக்குத் தயார்செய்கிறார்கள். இனிஷியல் என்ற தொடக்க நிலை, அதற்கு மேல் 1 முதல் 8 வரை கிரேடுகள். மேற்கத்திய இசைக் குறிப்பு படிக்கவும் கற்றுத்தருவார்கள். சென்னையில் இந்தப் பாதைக்கு நீண்ட வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து அண்ணா சாலையில் இயங்கும் மியூசி மியூசிக்கல் வழியாக டிரினிட்டி தேர்வு எழுதியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கோ, இசையைத் தொழிலாக நினைப்பவருக்கோ நான் இதைத்தான் சொல்வேன். இவருடைய நோக்கத்துக்கு இது சுற்றுவழி.

இரண்டாவது, வீட்டிலிருந்து நடக்கும் தூரம். கீபோர்டு, கிட்டார், டான்ஸ், ஓவியம் எல்லாம் ஒரே மாடியில். ஒரு வகுப்பில் எட்டுப் பேர், எட்டும் எட்டு நிலை. ஆசிரியர் போர்டில் கார்டு படம் வரைந்துவிட்டு எல்லாருடைய கிட்டாரையும் ட்யூன் செய்து முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடுகிறது.

மூன்றாவது இடத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கூகுள் மேப்பில் தேடினாலும் வராது. ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டின் முன்னறை. ஐம்பதைத் தாண்டிய மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவுக்கு வாசிப்பவர், இளவயதில் மெல்லிசைக் குழுக்களில் இருந்தவர். சனிக்கிழமை காலையில் ஒரு நேரத்துக்கு இரண்டு பேர் மட்டும். மாதம் நான்கு வகுப்பு, 2,400 ரூபாய். மாதாமாதம் கட்டினால் போதும். கீபோர்டு பழுதுபார்க்கும் கடை ஒன்றில் விசாரித்ததில் கிடைத்த நம்பர் அது. சென்னையில் கிட்டார் ஆசிரியரைத் தேடுகிறவர்கள் இணையத்தில் மட்டும் தேடி நிறுத்திவிடுகிறார்கள். சர்ச் பாடகர் குழு, லைட் மியூசிக் குழு, இசைக்கருவிக் கடைக் கல்லா, இந்த மூன்று இடத்திலும் வாயைத் திறந்து கேட்டால் கிடைக்கும் பெயர்களே வேறு.

இவர் மூன்றாவதைத் தேர்ந்தார். சோதனை வகுப்பில் மாஸ்டர் தானாக எதையும் வாசித்துக் காட்டவில்லை. இவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் சீட்டை அப்புறம்தான் படித்தார். “இதான் நானும் பாத்தேன்மா.”

முதல் இரண்டு மாதம்

அவர் பார்த்தது இது. வீணையில் இடது கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும்தான் கம்பியை ஆளும். மற்ற இரண்டுக்கும் வேலை இல்லை. ஆறு வருடப் பழக்கத்தில் இவருடைய மோதிர விரலும் சுண்டு விரலும் கிட்டாரிலும் அந்தரத்தில் நின்றன. கார்டு மாற்றும்போது முதல் இரண்டு விரல் நொடியில் போய் உட்கார்ந்துவிடும், மூன்றாவது வழி தேடும்.

அடுத்தது சற்று நுட்பமானது. ட்யூனரில் எல்லாக் கம்பியும் சரியாகக் காட்டும், ஆனால் கார்டு அடித்தால் சுருதி சேராது. வீணையில் கமகத்துக்காகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுப்பது இரண்டாம் இயல்பு. இவர் கிட்டாரிலும் கம்பியை அழுத்தும்போதே தன்னையறியாமல் ஒரு நூல் இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்த கம்பி கொஞ்சம் ஏறி ஒலிக்கும். மெல்லிய 10-ஆம் எண் கம்பியில் அது இன்னும் தெளிவாகக் கேட்கும். தனி ஸ்வரமாக வாசித்தால் அழகு, மூன்று ஸ்வரம் சேர்ந்த கார்டில் அபஸ்வரம். முன்னாலிருந்து எடுக்கும் வீடியோவில் இது தெரியவே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் சேர்த்து மாஸ்டர் எடுத்த முடிவு, முதல் எட்டு வாரம் ஐந்து கார்டுக்கு மேல் போவதில்லை என்பது. இ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி. பாட்டு வேண்டாம். ஜி கார்டை வேண்டுமென்றே மோதிர விரலும் சுண்டு விரலும் வேலை செய்யும் விதத்தில் பிடிக்க வைத்தார். தரையில் சம்மணமிட்டு, கிட்டாரை வீணை மாதிரி படுக்கை வாட்டத்தில் வைத்துக்கொள்வதை முதல் நாளே நிறுத்தினார். கையில்லாத நாற்காலி, கழுத்துப் பகுதி சற்று மேல்நோக்கி.

பழைய படிப்பு கைகொடுத்த இடமும் உண்டு. சி கார்டு அடித்ததும் இவர் கேட்டார்: “சார், இது ச, அந்தர காந்தாரம், ப தானே? மைனர்னா சாதாரண காந்தாரம்?” மாஸ்டருக்குக் கர்நாடக சங்கீதம் தெரியாது. “பேரு நீங்க எது வேணா வைங்க, விரல் மட்டும் இங்க வரட்டும்” என்றார். ஆனாலும் அன்றிலிருந்து கார்டு பெயர்களை மனப்பாடம் செய்யும் பாரம் இவருக்கு இல்லை. எந்தக் கார்டு எப்போது மாறும் என்பதையும் பெரும்பாலும் காதாலேயே கண்டுபிடித்தார்.

வீட்டில் தினமும் காலை 15 நிமிடம், கம்பெனி வண்டி வருவதற்கு முன். கிட்டாரை உறையிலிருந்து எடுத்து ஹாலில் ஸ்டாண்டில் வைத்ததுதான் இதைச் சாத்தியமாக்கியது என்கிறார். ஜஸ்டின் கிட்டார் தளத்தில் பார்த்த பயிற்சி ஒன்றையும் தொடர்ந்தார். ஒரு நிமிடத்தில் இரண்டு கார்டுக்கு இடையே எத்தனை முறை சுத்தமாக மாற முடிகிறது என்று எண்ணுவது. சி-யிலிருந்து ஜி-க்கு ஜூலை நடுவில் 6. செப்டம்பர் நடுவில் 28. நடுவே இரண்டு வாரம் 14-லேயே நின்றது. அந்தப் பக்கங்களில் கோபமான வரிகள் உண்டு, அவற்றை எடுத்துப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கட்டை விரல் வலி

ஆகஸ்ட் கடைசியில் இடது கட்டை விரலின் அடிப்பகுதியில் வலி. மாஸ்டர் நான்கு நாள் கிட்டாரைத் தொடக் கூடாது என்றார். அடுத்த வகுப்பில் வாசிக்கச் சொல்லிக் கவனித்ததில், கழுத்தின் பின்பக்கம் கட்டை விரலால் கிடுக்கி போல் அழுத்துகிறார் என்று தெரிந்தது. கம்பி உயரமாக இருந்த ஜூன் மாதப் பழக்கம் அது. கருவி சரியான பிறகும் கை அதை மறக்கவில்லை. கட்டை விரலை எடுத்துவிட்டுக் கார்டு பிடிக்கும் ஒரு சின்னப் பயிற்சியைத் தினமும் இரண்டு நிமிடம் செய்தார். வலி திரும்பவில்லை. திரும்பியிருந்தால் மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன் என்றார் மாஸ்டர்.

புயலும் இணைய வகுப்பும்

அக்டோபரில் பாட்டுகள் தொடங்கின. கூடவே கேப்போ. கம்பிகளை ஒரு ஃபிரெட்டில் கவ்விச் சுருதியை ஏற்றும் இந்தச் சின்னக் கிளிப்பைச் சினிமாப் பாட்டு வாசிப்பவர்களுக்கு எல்லாரும் விளக்குவது சுற்றிவளைத்துதான். இவருக்கு ஒரே வரி போதுமாக இருந்தது. ஜி கார்டு வடிவத்தைப் பிடித்தால் ஐந்து கட்டை சுருதி. முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு அதே வடிவத்தைப் பிடித்தால் ஐந்தரைக் கட்டை. டி வடிவம், மூன்றாவது ஃபிரெட்டில் கேப்போ என்றால் நாலு கட்டை. மீதியை அவரே போட்டுக்கொண்டார்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் எல்லாம் தண்ணீர். இவர் இருப்பது இரண்டாவது மாடி. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் மின்சாரம் நாட்கணக்கில் இல்லை, வீடு முழுக்க ஈரம். வகுப்புக்குப் போகும் தெருவும் நடக்கும்படி இல்லை. மின்சாரம் வந்ததும் வகுப்பை வீடியோ அழைப்பில் நடத்துவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். மாஸ்டருக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேறு வழியும் இல்லை.

முதல் வகுப்பு வீண். கார்டு அடித்தால் முதல் அரை விநாடி கேட்கும், அப்புறம் ஒலி அமுங்கிப் போகும். வீடியோ அழைப்புச் செயலிகள் மனிதக் குரலைத் தூக்கிக் காட்டுவதற்காக மற்ற சத்தங்களை வடிகட்டுகின்றன. நீண்டு ஒலிக்கும் கம்பியையும் மின்விசிறிச் சத்தம் மாதிரி நினைத்து வெட்டிவிடும். ஜூம் செயலியில் ஒலியை வடிகட்டாமல் அப்படியே அனுப்பும் அமைப்பு இசைக்காகவே இருக்கிறது. மாஸ்டரின் மகள் அதைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொடுத்தார். கேமராவின் இடமும் மாறியது. முகத்துக்கு நேராக இருந்த போனை இடது பக்கம், ஃபிரெட் உயரத்தில் நிறுத்தினார்கள்.

ஒன்றை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. ஒலி போய்ச் சேர எடுக்கும் தாமதத்தால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஆகவே வகுப்பின் வடிவத்தையே மாற்றினார்கள். மாஸ்டர் தாளக்கட்டை வாசித்து ஒலிப்பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இவர் அதோடு சேர்ந்து வாசித்து, பதிவு செய்து திருப்பி அனுப்புவார். வகுப்பு நேரத்தில் அந்தப் பதிவைத்தான் அலசுவார்கள். இதில் எதிர்பாராத பலன் ஒன்று கிடைத்தது. நேரில் வாசிக்கும்போது மாஸ்டரின் கண் இடது கையில் இருந்ததால், வலது கையின் தாளத் தடுமாற்றம் அவருக்கு அவ்வளவாகப் படவில்லை. பதிவை மூன்று முறை கேட்டபோது, கார்டு மாறும் இடத்தில் எல்லாம் இவர் அரைத் தட்டு தாமதிக்கிறார் என்று தெரிந்தது.

ஜனவரியில் நேர் வகுப்பு திரும்பியபோது இருவருமே பழைய ஏற்பாட்டுக்குப் போகவில்லை. மாதத்தில் இரண்டு நேரில், இரண்டு இணையத்தில். கட்டணம் அதே.

கிட்டாரும் அந்த ஜனவரியில் என்னிடம் வந்தது. ஈரத்தில் மேல்பலகை ஊதி, ஆக்‌ஷன் 2.9 மி.மீ. ஆகியிருந்தது. சாடிலில் கை வைக்கவில்லை. உறைக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் இரண்டு வாரம் வைக்கச் சொன்னேன். பலகை உலர்ந்து அளவு பெரும்பாலும் இறங்கிவிட்டது. அவசரப்பட்டுச் சாடிலைத் தேய்த்திருந்தால் கோடையில் கம்பி ஃபிரெட்டில் உரசியிருக்கும்.

விளைவு

2024 ஏப்ரலில் அவர் ஆறு பாட்டு பாடிக்கொண்டே வாசிக்கிறார். நான்கு சுத்தம், இரண்டில் சரணம் இன்னும் இடறுகிறது. ஆட்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்த வேண்டிய எஃப் பாரே கார்டு இன்னும் வரவில்லை. பாட்டுக்கேற்பக் கேப்போவை மாற்றி அதைத் தவிர்த்துக்கொள்கிறார். இதில் மாஸ்டருக்கு முழுச் சம்மதம் இல்லை, எனக்கு உண்டு.

இவரோடு அதே சனிக்கிழமை நேரத்தில் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் இரண்டாவது மாதத்திலேயே நின்றுவிட்டார். அவருடைய கிட்டாரை நான் பார்க்கவில்லை. எட்டு வாரம் பாட்டே கிடையாது என்ற திட்டம் அவருக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம். 41 வயதில், ஏற்கெனவே ஒரு கருவி கற்ற பொறுமையோடு வந்தவருக்குச் சரிப்பட்ட திட்டத்தை 19 வயதுக்காரருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்ற வேண்டியவை

நேரிலா இணையத்திலா என்பதைத்தான் இவர் முதலில் கேட்டார். இந்த நிகழ்வில் அந்தக் கேள்வி மூன்றாவதாக வந்திருக்க வேண்டும். கருவி வாசிக்கத்தக்கதா என்பது முதலாவது, என்ன வாசிக்க ஆசை என்பது இரண்டாவது. இணைய நிறுவனத்தில் பணம் கட்டியிருந்தால், 3.8 மி.மீ. ஆக்‌ஷனோடு 48 வகுப்பும் ஓடியிருக்கும், அல்லது பத்தாவது வகுப்பில் நின்றிருக்கும்.

இணைய வகுப்பு தாழ்ந்தது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. கை உருவாகும் முதல் சில மாதம் பக்கத்தில் ஒரு ஜோடிக் கண் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு தாளத்துக்கும் பாட்டுக்கும் பதிவு அனுப்பும் முறை நேர் வகுப்பைவிட நன்றாகவே வேலை செய்தது. ஆசிரியரே கிடைக்காத ஊரில் இருப்பவர்களும் முதல் நான்கு வகுப்பையாவது பயணம் போய் நேரில் முடித்துவிடலாம்.

வலது கையை முதல் வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது மாஸ்டரின் கருத்து. இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு, கம்பிகளை இடது கையால் லேசாக மூடிக்கொண்டு வலது கையால் கம்பிகளை மேலும் கீழும் அடிக்கும் வெறும் ஸ்ட்ரம்மிங்கை, தாளம் தட்டும் மெட்ரோனோமோடு பத்து நிமிடம் கொடுக்கிறார். வீடியோ அழைப்பு ஏற்பாட்டையும் ஐப்பசி மழைக்கு முன்பே ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுகிறார். சேர்வதற்கு யார் போன் செய்தாலும், 12-ஆம் ஃபிரெட்டில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்கிறார். 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் முதல் வகுப்புக்குத் தேதி கொடுப்பதில்லை, என் நம்பரைக் கொடுக்கிறார்.